கைக்குழந்தைக்கு என்ன தெரியும்?

“கைக்குழந்தைதானே, அதற்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு கிளப்பினால்தான் கஷ்டம்; இப்போதே போய்விடுவது உத்தமம்” என்ற வார்த்தையை, உறையூரில் என் தம்பி வீட்டில் நடந்த காதுகுத்துக் கல்யாணத்தின்போது, பந்தியில் உட்கார்ந்த இடத்தில் ஏழு பேர் வாயிலிருந்து ஏழு விதமாகக் கேட்டேன். குழந்தைக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. தகப்பனாருக்கு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரத்துக்குப் பக்கத்தில், உத்தியோகம் ஆகியிருக்கிறது. தாயாராகிய என் தம்பி மகள் அரசினர் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறாள். அபிப்பிராயம் சொன்ன ஏழு பேரும் படித்தவர்கள், குழந்தையிடம் மெய்யான பிரியமுள்ளவர்கள். ஆதலால் அவர்கள் சொன்னதை வெறும் பந்திப் பேச்சு என்று தள்ளிவிடாமல், நம் மத்தியதர வர்க்கம் முழுவதும் விசாரணையின்றி ஒப்புக்கொண்டிருக்கும் ஒரு சித்தாந்தமாகவே எடுத்துக்கொண்டு மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சித்தாந்தத்தை அதன் முழு பலத்தோடும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குச் சிநேகிதர்கள் கிடையாது, வாத்தியார் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது; ஆகவே அது இழப்பதற்கும் ஒன்றும் கிடையாது. தாயார் எப்படியும் வீட்டில்தான் இருக்கிறாள்; உறையூர் வீட்டில் இருப்பதை டல்லாஸ் வீட்டில் இருப்பதால் என்ன குறைந்துவிடும்? போகிற நாட்டில் சாலையும் தண்ணீரும் காற்றும் ஆஸ்பத்திரியும் இங்கே உள்ளவற்றைவிட மேல். குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைத் தகப்பன் செல்பேசியில் பார்க்கும்படி விடுவது பாவம். கடைசியாக, ஒத்துவரவில்லையென்றால் திரும்பி வந்துவிட்டால் போகிறது. விமானம் ஒரு திசையில் மட்டுமா பறக்கிறது? இவற்றில் தகப்பனைப் பற்றிய வாதம் கனமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு உரிய மரியாதையை அதன் இடத்தில் செய்கிறேன்.

நான் முப்பது வருஷ காலம் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு செலவு நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், அதை எந்தத் தலைப்பில், யார் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வழக்கம். மேற்படி வாதத்தை அப்படிப் பிரித்துப் பார்த்தால், பற்று என்ற பத்தியே காலியாக இருக்கிறது; கண்ட இடமெல்லாம் வரவு. இவ்வளவு சுத்தமான கணக்கு மேஜைக்கு வந்தால் நாங்கள் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது என்று அர்த்தம். என் ஆட்சேபணைகளை வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்சேபணை 1. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது? காது குத்துவதற்காகத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்த அதே குழந்தை, நான்கு மாதமாகப் பார்க்காத ஒரு சித்தப்பா ஆசையோடு கையை நீட்டியதும் உதட்டைப் பிதுக்கி, பாட்டி நின்ற பக்கமாகத் திரும்பி, வீடு அதிரும்படி வீறிட்டதை, ‘அதற்கென்ன தெரியும்’ என்று சொன்ன ஏழு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முகம் பார்த்துப் பேதம் காணும் வயது அது. 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் பல்லொலித் தகரத்தையும் நாவை மடித்துச் சொல்லும் டகரத்தையும் கேட்கச் செய்து பரீட்சை செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதத்துக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது கேட்கவில்லை. அதாவது, எந்த ஒலி தன் வீட்டு ஒலி, எது அந்நியம் என்று குழந்தை தீர்மானிப்பது நாம் வெறும் காலம் என்று தள்ளிவைக்கிற இதே மாதங்களில்தான்.

இதனால் டல்லாஸுக்குப் போன குழந்தைக்குத் தகரமும் டகரமும் மறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தாய் தமிழ் பேசினால் தமிழ் நிற்கும். ஆனால் உறையூர் வீட்டில் அந்தக் குழந்தையின் காதில் விழுந்த குரல்களை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: பாட்டி, தாத்தா, தாய்மாமன், பால்காரர், கீரைக்காரம்மா, எதிர் வீட்டுப் பிள்ளைகள் இருவர், மாலையில் கோயில் மணி. அங்கே பகல் பத்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு குரல்தான். அதுவும் களைத்துப்போன குரல். செல்பேசியில் பாட்டியைக் காட்டினால் போயிற்று என்பார்கள். 2003-ல் பட்ரீஷியா கூலும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு: ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் உட்கார்ந்து பேசி விளையாடிக் காட்டியபோது, பன்னிரண்டு அமர்வுகளில் அவை அதன் ஒலிகளைக் கற்றுக்கொண்டன, அதே ஆட்களின் அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டியபோது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. முகம் பார்த்துப் பதில் சொல்லும் செல்பேசி உரையாடல், ஓடும் படத்தைவிட மேல் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் செல்பேசிப் பாட்டிக்குக் கால் கிடையாதே! நீட்டிய இரு கால்களின்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் விளாவி, மூக்குப் பிடித்து, சாம்பிராணிப் புகை காட்டி, உரைகல்லில் வசம்பையும் ஜாதிக்காயையும் இரண்டு சுற்று இழைத்து நாக்கில் தடவி, தூளியில் போட்டு ஆட்டுவது வரையிலான அந்த முக்கால் மணி நேரக் காரியத்தை மருத்துவ சாஸ்திரம் முழுவதும் ஒப்புக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். வசம்பு வேண்டாம் என்று எங்கள் குழந்தை வைத்தியரே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் தாய் தூங்குகிறாள் என்பதை எந்த வைத்தியரும் மறுக்க முடியாது. டல்லாஸ் வாடகை வீட்டு விட்டத்தில் தூளிக்குக் கொக்கி அடிக்க விடமாட்டார்கள்; சாம்பிராணி போட்டால் புகை எச்சரிக்கைக் கருவி ஊளையிடும்.

ஆட்சேபணை 2. ‘அவள் எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள்’ என்ற வாக்கியத்தில் ‘எப்படியும்’ என்ற சொல் செய்கிற அக்கிரமம் கொஞ்சமல்ல. விடுப்பு என்பது வேலையின் ஒரு பகுதி. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமும், தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதமும் சம்பளத்தோடு விடுப்புத் தருகின்றன என்றால், அந்த ஸ்திரீ மறுபடியும் தன் நாற்காலிக்கு வருவாள் என்ற அனுமானத்தின் பேரில்தான் தருகின்றன. முடிவில் நாற்காலி இருக்கிற ஓய்வும், முடிவில் ஒன்றுமே இல்லாத ஓய்வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஒன்றாகிவிடுமா? ஏலத்தில் போன வீட்டிலும் கடைசி நாள் வரையில் விளக்கு எரியத்தான் செய்கிறது.

இங்கேதான் நம்மவர்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. மாப்பிள்ளையைத் தனியே அழைத்து, “விசாவின் மேல் என்ன எழுத்து போட்டிருக்கிறது?” என்று கேட்டேன். “எச்-1பி, மாமா” என்றார். அந்த எழுத்தில்தான் அவளுடைய தலையெழுத்து இருக்கிறது. எச்-1பி விசாவில் போகிறவருடைய மனைவிக்கு எச்-4 கொடுப்பார்கள். அந்த எச்-4 கொண்டு அவள் வசிக்கலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 2015 மே 26 முதல் ஒரு சலுகை உண்டு. கணவனுடைய பச்சை அட்டைக்கான ஐ-140 மனு அங்கீகாரமான பிறகு, விண்ணப்பித்து வேலை அனுமதி பெறலாம். அந்த மனுவைப் போடுவது அவளும் அல்ல, அவள் கணவனும் அல்ல, கம்பெனி. அது என்றைக்குப் போடும் என்பது கம்பெனியின் சௌகரியம். அனுமதி வருகிற வரையில் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அவளுக்குக் கிடையாது; ஆகவே அவள் பெயரில் கடன் தகுதி என்ற சரித்திரமும் எளிதில் எழுதப்படாது. இதே மனிதரை இதே கம்பெனி எல்-1 என்ற வழியில் அனுப்பியிருந்தால், 2021 நவம்பர் முதல் அவருடைய மனைவி தனி அனுமதி எதுவுமின்றி, போய் இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகலாம். சிங்கப்பூரானால் 2021 மே முதல் அவள் தனக்கென்று தனி வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஜெர்மனியானால் வேலைக்குச் சட்டத் தடையில்லை, ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கேட்கும் உரிமையும் 2013 ஆகஸ்டிலிருந்து உண்டு, ஆனால் உரிமை இருக்கிற அளவுக்கு இடம் இல்லை. இவ்வளவு பேதங்களையும் ‘ஃபாரின்’ என்ற ஒற்றைச் சொல்லில் கட்டி, அந்த மூட்டையை அவள் தலையில் ஏற்றுகிறார்கள்.

“கணக்கு வாத்தியாரம்மாவுக்கு அங்கே கிடைக்காத வேலையா?” என்று பந்தியில் ஒரு பெரியவர் கேட்டார். கிடைக்கும்; ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஆசிரியர்களுக்குத் தன் உரிமப் பத்திரத்தைத் தானே கொடுக்கிறது, நம் பட்டத்தை முதலில் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும், பிறகு பரீட்சை. அதெல்லாம் முடிந்து வேலையும் கிடைத்தால், கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுவதற்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது அங்கே சர்வசாதாரணம். அந்தத் தேசத்தில் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பை எல்லோருக்கும் தரும் மத்தியச் சட்டமே கிடையாது. 1993-ல் வந்த சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்.

ஆட்சேபணை 3. சௌகரியங்களைப் பற்றியது, சுருக்கமாகவே சொல்கிறேன். சாலையும் தண்ணீரும் மேல் என்பதில் தர்க்கமில்லை. வைத்திய வசதி என்பது தொழில்நுட்பம் மாத்திரமல்ல. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்குச் சுரம் அடிக்கும்போது யாரைக் கேட்பது என்பதும் அதில் அடக்கம். உறையூரில் வைத்தியர் மூன்றாவது தெருவில் இருக்கிறார். வாசற்கதவைத் தட்டினால் பனியனோடு வந்து பார்ப்பார். அங்கே காப்பீட்டுக்குள் அடங்கும் ஆஸ்பத்திரி எது, அடங்காதது எது என்று முதலில் ஒரு பத்திரத்தைப் படிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள்: இங்கே ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை, ஒரு வயதுக்கு முன் போட்டது என்று அங்கே கணக்கில் சேர்க்காமல் மறுபடியும் போடுவார்கள், இங்கே பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. அங்கே வழக்கத்தில் இல்லாததால், பின்னொரு நாள் காசநோய்த் தோல் பரிசோதனையில் தடிப்புக் கண்டு கேள்வி எழுந்தால் தாய்தான் விளக்க வேண்டும். பெரிய தொல்லைகள் அல்ல இவை. ஆனால் ஒவ்வொன்றும் யார் நேரத்தில் கழிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்சேபணை 4. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் மரியாதை செய்வதாகச் சொன்னேன். தகப்பனில்லாமல் குழந்தையின் முதல் வருஷங்கள் கழிவது நஷ்டம்தான். குழந்தைக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம். ஆனால் இதை நம் முன்னோர் கண்ட தர்மம் என்று சொல்லி வாயை அடைக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் முன்னோர் நேர் எதிராகச் செய்தார்கள். கடல்வழிப் பிரயாணத்துக்குப் பெண்டிரை உடன் கொண்டுபோவதில்லை என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. பொருள் தேடப் பிரிவதைப் பாடாத அகக்கவி அபூர்வம். நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை ஏஜெண்டுகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குத் தனியாகவே கப்பல் ஏறினார்கள். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் போயிற்று. அந்த ஏற்பாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வீடுகளின் முற்றத்தில் ஸ்திரீகள் பட்ட துயரத்துக்குக் கணக்கே இல்லை. ‘ஒன்றாக இருத்தல்’ என்பது நாம் புதிதாக, நல்ல காரணத்தோடு, தேர்ந்துகொண்ட கொள்கை. புதிய கொள்கைக்குப் பழைமையின் முத்திரையைக் குத்துவது கள்ளக் கையெழுத்து.

கொள்கை மெய்யானதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. உத்தியோகம் மனைவிக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பெண்களில் எத்தனையோ பேர் செவிலியராகவும் மென்பொறியாளராகவும் இன்று போகிறார்கள். அப்போது இந்த ஏழு பேரும், “கைக்குழந்தைதானே, மாப்பிள்ளை இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், குடும்பம் ஒன்றாக இருப்பதுதானே முக்கியம்” என்று சொல்வார்களா? ஒருவர் ‘குழந்தைக்குக் குளிர் ஆகாது’ என்பார். இன்னொருவர் ‘பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகட்டும்’ என்பார். மூன்றாமவர் மாப்பிள்ளையின் ‘கேரியர்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல் முதலாக உச்சரிப்பார். எந்த வாதம் ஆளை மாற்றியவுடன் உயிரை விடுகிறதோ, அது வாதமல்ல, சம்பிரதாயம்.

ஆட்சேபணை 5. திரும்பி வந்துவிடலாம் என்பது, எல்லாவற்றிலும் அபாயகரமான ஆறுதல். தம்பதிகள் மனமொத்துத் திரும்புவதானால் தடையில்லை. மனம் ஒவ்வாமல் போனால்? அமங்கலமாகப் பேசுகிறேன் என்று என் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயில் எழுதுகிறவன் சாவதற்காக எழுதுவதில்லை. குழந்தை எந்த நாட்டில் வழக்கமாக வசிக்கிறதோ, அந்த நாட்டின் நீதிமன்றமே அதன் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் என்பது 1980-ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையின் சாரம். அமெரிக்கா அதில் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. அமெரிக்காவில் 1993-ல் வந்த சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் மற்றவருடைய உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். குழந்தையோடு இந்தியா வந்து சேர்ந்துவிட்ட தாய்க்கு இங்கேயாவது நிச்சயம் உண்டா என்றால், நம் உச்சநீதிமன்றமே 2015-ல் ஒரு வழக்கில் அயல்நாட்டு நீதிமன்றத்தின் ஆணைக்குப் பெருமதிப்புக் கொடுத்தும், 2017-ல் மற்றொன்றில் அதைவிடக் குழந்தையின் நலமே முதன்மையானது என்றும் தீர்ப்பளித்திருக்கிறது. இதற்கிடையே, சார்ந்து பெற்ற விசா விவாகரத்தோடு முடிந்துபோகும். ஆக, குழந்தை இருக்க வேண்டிய நாட்டில் தாய் இருக்க முடியாது, தாய் இருக்கக்கூடிய நாட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவர முடியாது என்ற நிலைமை கற்பனையல்ல. விமானம் இரண்டு திசையிலும் பறக்கத்தான் பறக்கிறது. ஆனால் குழந்தைக்கு வேண்டியது டிக்கெட்டும், அதோடு ஒரு சம்மதக் கையெழுத்தும்.

ஆட்சேபணை 6. திரும்பாமல் தங்கிவிட்டால் மட்டும் கைக்குழந்தை என்பது லாபமாகிவிடுகிறதா? குழந்தைக்குச் சட்டம் தெரியாது. சட்டத்துக்குக் குழந்தையைத் தெரியும். வருஷாந்தரப் பச்சை அட்டைகளில் எந்த ஒரு நாட்டாருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல வருஷங்களுக்கு நீண்டுகிடக்கிறது. அட்டை வருவதற்குள் பிள்ளைக்கு 21 வயது நிறைந்துவிட்டால், சில கழிவுக் கணக்குகள் போக, தகப்பனைச் சார்ந்த அந்தஸ்து அவனுக்கு இல்லை. வேறு ஊரே அறியாத அந்த இளைஞன் மாணவர் விசாவுக்கு மனுப் போட வேண்டும், அல்லது நினைவில் இல்லாத உறையூருக்கு வர வேண்டும். ஒன்பது மாதத்தில் கொண்டுபோவதனால் ‘ஒன்றும் தெரியாமல்’ ஒட்டிக்கொள்வான் என்று சந்தோஷப்பட்டோமே, அந்த ஒட்டுதலே அன்றைக்கு அவனுக்கு வினையாகிறது.

“அப்படியானால் போகவே கூடாது என்கிறீர்களா, பெரியப்பா?” என்று என் தம்பி மகளே கேட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. போகலாம்; பலர் போய்ச் சௌக்கியமாக இருக்கிறார்கள்; அவளுக்கே போக ஆசை இருக்கிறது. போகிறவர்கள் மூன்று பேர், உத்தியோகம் ஒருவருக்கு என்பதை ஒப்புக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். கம்பெனி மாப்பிள்ளைக்கு அனுப்பிய கடிதத்தை வாங்கிப் படித்தேன்: சாமான் அனுப்ப இவ்வளவு கிலோ, விடுதியில் தங்க முப்பது நாள், வாடகைக் கார் இரண்டு வாரம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் அதில் வரி இருக்கிறது. ஒரு கணித ஆசிரியையின் பன்னிரண்டு வருஷ சேவைக்கு வரி இல்லை.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். எல்-1 வழியில் அனுப்ப முடியுமா என்று கம்பெனியைக் கேட்டதுண்டா? இல்லையென்றால் ஐ-140 மனுவை எந்த மாதத்துக்குள் போடுவதாக எழுத்தில் தருவார்கள்? அவள் வேலையை ராஜினாமா செய்யாமல் சம்பளமில்லா விடுப்பில் எத்தனை நாள் நிறுத்திவைக்கலாம் என்று பள்ளிக்கல்வி அலுவலகத்தில் விசாரித்தாயிற்றா? மாதாமாதம் அவள் பெயரில் இந்திய வங்கிக் கணக்கில் எவ்வளவு கட்டப்படும்? முதல் ஆறு மாதத்துக்கு அவளுடைய அம்மாவைச் சுற்றுலா விசாவில் அழைத்துப்போகும் செலவு யாருடையது? அவள் குழந்தையோடு திரும்பி வர விரும்பினால் தடை சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருவாரா? வக்கீலைக் கேட்டால் இப்படிப்பட்ட கடிதம் முழுக் கவசம் ஆகாது என்பார். ஆனாலும் எழுதுகிற கை எங்கே தயங்குகிறது என்பதாவது தெரியும்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு தரம் படித்து, நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “எச்.ஆரில் கேட்டுச் சொல்கிறேன், மாமா” என்றார். கடைசிக் கேள்விக்கு எச்.ஆரைக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே குழந்தை எழுந்து அழுதது, அவரே போய்த் தூக்கினார். டிக்கெட் எடுக்கக் கம்பெனி கொடுத்திருக்கும் தவணை வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.